மதிலுக்கு உள்ளே யார்? கேர்நார்வன் கோட்டை நகரப் பயணம் குறித்து ஓர் ஆய்வு

கேள்வி

வேல்ஸின் வடமேற்குக் கரையில், மெனாய் நீரிணையைப் பார்த்து நிற்கும் கேர்நார்வனுக்குச் சுற்றுலாக் கையேடுகள் வழக்கமாக ஒதுக்குவது அரை நாள். காலையில் வந்து இறங்குவது, கோட்டைக்குள் இரண்டு மணி நேரம், கழுகுக் கோபுரத்தின் உச்சியில் சில படங்கள், சாப்பாடு, பிறகு ஸ்னோடன் மலைக்கோ கான்வி கோட்டைக்கோ வண்டி ஏறுவது. ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளுள் முன்வரிசையில் வைக்கப்படும் கட்டடத்துக்கு இந்த நேரம் போதும் என்றே பெரும்பாலான பயணிகள் எண்ணுகிறார்கள். கட்டடத்துக்குப் போதும்தான்.

இக்கட்டுரை கேட்பது வேறு. கேர்நார்வனில் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்ற தெரிவுகளுக்குள் வரலாறு பற்றிய ஒரு நிலைப்பாடு ஒளிந்திருக்கிறதா? இருக்கிறது என்பதே என் வாதம். அரசவாயில் வழியே நுழைந்து அதே வாயில் வழியே வெளியேறும் பயணி, 1283இல் இந்நிலத்தைக் கைப்பற்றிய இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் எதைக் காட்ட விரும்பினானோ அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அவன் எதை இடித்தான், யாரை வெளியே நிறுத்தினான், அப்படி நிறுத்தப்பட்டவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்பதற்கான சான்றுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. எல்லாம் நடந்து போகும் தொலைவு.

யுனெஸ்கோ 1986இல் கான்வி, கேர்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கு இடங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ‘குவினெத்தில் எட்வர்ட் மன்னனின் கோட்டைகளும் நகர மதில்களும்’ என்றே பதிவு செய்தது. மதில்கள் கோட்டைகளுக்குச் சமமாக அந்தத் தலைப்பில் இடம்பெற்றுள்ளன. நடைமுறையிலோ நுழைவுச்சீட்டு கோட்டைக்கு மட்டுமே விற்கப்படுகிறது. சீட்டு வாங்காமல் பார்க்கக் கிடைப்பதை நாம் பார்வையிடத் தகுந்ததாகக் கொள்வதில்லை. மதில் திட்டத்திலிருந்து நழுவுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

1283க்கு முன்பிருந்த ஊர்

எட்வர்ட் வெற்று நிலத்தில் கோட்டை எழுப்பினான் என்ற எண்ணம் கோட்டைக்குள்ளிருந்து பார்க்கும்போது எளிதில் வந்துவிடும். கோட்டையிலிருந்து கால் மணி நேரம் மேட்டில் ஏறி நடந்தால் செகோன்டியம் என்ற ரோமானியப் படைமுகாமின் அடித்தளங்கள் புல்தரையில் கிடக்கின்றன. ஆர்டோவிசஸ் என்ற உள்ளூர்க் குடியினரை ஒடுக்கிய ஆளுநர் அக்ரிகோலாவின் காலத்தில், கி.பி. 77ஐ ஒட்டி, இது நிறுவப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள் தங்குமளவு பெரியது. நான்காம் நூற்றாண்டின் இறுதிவரை பயன்பாட்டில் இருந்தது. 1920களின் தொடக்கத்தில் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர்தான்.

ரோமானியருக்குப் பிறகு நார்மானியர் வந்தனர். செஸ்டர் பிரபு ஹ்யூ, பதினோராம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய கோட்டை நிற்கும் இடத்தில் மண்மேடு எழுப்பி அதன்மீது மரக்கோட்டை கட்டினான். அது நிலைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்விடம் குவினெத் இளவரசர்களின் கைக்குத் திரும்பி, அவர்களுடைய அரசவைகளுள் ஒன்றாக இருந்தது. வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசன் லுவெலின் அப் க்ரூஃபித் 1282 டிசம்பர் 11 அன்று கில்மெரி அருகே கொல்லப்பட்டான். அவன் தம்பி டாவித் மறு ஆண்டு ஷ்ரூஸ்பரியில் தூக்கிலிடப்பட்டு உடல் துண்டாடப்பட்டான். அதே 1283இல் கேர்நார்வனில் கோட்டை வேலை தொடங்கியது. அங்கிருந்த வேல்ஸ் குடியிருப்பின் வீடுகள் இடிக்கப்பட்டன. வீட்டுக்காரர்களுக்கு இழப்பீடு மூன்று ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

எட்வர்ட் இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் கடல்வழி, ஆற்றுமுகம், ஆங்கில்சித் தீவின் தானியம் என்று நடைமுறைக் காரணங்கள் பல உண்டு. மூன்று பக்கம் தண்ணீர்: மேற்கே மெனாய், தெற்கே செயோன்ட் ஆறு, கிழக்கே கட்னாண்ட் ஓடை. ஆனால் தோற்கடிக்கப்பட்ட அரச மரபின் இடங்களைத் தேடித் தேடி அவற்றின் மேலேயே கட்டுவது அவன் வழக்கம் என்பதற்கும் சான்று இருக்கிறது. கான்வியில் குவினெத் மன்னர்கள் புதைக்கப்பட்ட துறவி மடத்தையே மேனானுக்கு அப்புறப்படுத்திவிட்டு நகரம் அமைத்தான். லுவெலின் பெயரால் வழங்கிய மர மண்டபம் ஒன்று கான்வியில் இருந்தது. எட்வர்டின் மகன் இரண்டாம் எட்வர்டின் ஆட்சியில், 1316இல், அதைப் பிரித்துக் கப்பலேற்றிக் கேர்நார்வன் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். மரம் அரிதாகிப்போன சிக்கன நடவடிக்கை என்று இதை விளக்குவாரும் உண்டு. இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று விலக்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

கோட்டையும் ஊரும்: ஒரே வரைபடம்

கோட்டையும் நகர மதிலும் ஒரே காலத்தில், ஒரே கைகளால், ஒன்றையொன்று நம்பிக் கட்டப்பட்டவை. மதிலின் நீளம் 734 மீட்டர். எட்டுக் கோபுரங்கள், இரண்டு வாயில்கள். கிழக்கு வாயிலையும் மேற்கு வாயிலையும் இணைக்கும் ஹை ஸ்ட்ரீட், அதை நேர்க்கோணத்தில் வெட்டும் குறுந்தெருக்கள் என்ற கட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஸ்பீட் வரைந்த நகரப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் தெரு தவறாமல் நடக்கலாம்.

1284இல் நகருக்கு அரச சாசனம் கிடைத்தது. அந்தச் சாசனத்தின் பயனாளிகள் இங்கிலாந்திலிருந்து குடியேற்றப்பட்ட வணிகரும் கைவினைஞரும். மதிலுக்குள் மனை, வரிச் சலுகை, வணிக உரிமை எல்லாம் அவர்களுக்கு. சுற்றுவட்டார வேல்ஸ் மக்கள் தங்கள் பொருளை இந்த நகரச் சந்தையில்தான் விற்கவேண்டும். ஆனால் இங்கே மனை வைத்துக்கொள்ளக்கூடாது. 1294-95 கிளர்ச்சிக்குப் பின் இத்தடைகள் சட்ட வடிவில் இறுக்கப்பட்டன. வேல்ஸ் தலைவன் ஓவைன் க்ளின்டூரின் எழுச்சியின்போது, 1400க்குப் பிறகு, மீண்டும் இறுக்கப்பட்டன. கிழக்கு வாயிலின் மேல்மாடியில் வடவேல்ஸ் முழுவதற்குமான கருவூலம் இயங்கியது. அந்த வாயிலின் மேலே வரியும், வெளியே வரி கட்டுகிறவர்களும் என்று இந்நகரின் முதல் நூற்றாண்டைச் சுருக்கமாக எண்ணிக்கொள்ளலாம்.

மடோக் அப் லுவெலின் தலைமையில் 1294 செப்டம்பரில் வெடித்த கிளர்ச்சி, கோட்டையும் மதிலும் எவ்வளவு பின்னிக்கிடந்தன என்பதைக் காட்டிக்கொடுத்தது. அப்போது கோட்டையின் தெற்கு முகம்தான் உயர்ந்திருந்தது. வடக்குப் பக்கம், அதாவது ஊரைப் பார்க்கும் பக்கம், ஓர் அகழியை மட்டும் வைத்துக்கொண்டு நகர மதிலை நம்பியிருந்தது. கிளர்ச்சியாளர் மதிலைத் தாண்டினர், ஊர் எரிந்தது, கோட்டையும் வீழ்ந்தது. வரி வசூலில் கடுமைக்குப் பேர்போன ஆங்கில்சி ஷெரீப் ரோஜர் டி பியூல்ஸ்டன் கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டு ஊரை மீட்ட ஆங்கிலேயர் முதலில் சீரமைத்தது கோட்டையை அல்ல, மதிலைத்தான். 1,195 பவுண்டு செலவில், குறித்த கெடுவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே முடித்தார்கள். அதன் பிறகே கோட்டைக்கு ஊர்ப்பக்கச் சுவரும் அரசவாயிலும் எழத் தொடங்கின.

இந்தக் காலவரிசையை மனத்தில் கொண்டால், இன்று பயணிகளை வரவேற்கும் அரசவாயில் வேறு விதமாகத் தெரியும். ஐந்து கதவுகள், ஆறு இறக்குக் கதவுகள் என்று வகுக்கப்பட்ட இந்த வாயில் பார்த்துக்கொண்டிருப்பது எட்வர்ட் தானே உருவாக்கிய ஆங்கிலேய நகரத்தை. ஊர் ஒருமுறை விழுந்துவிட்டது, மறுபடியும் விழலாம் என்ற கணக்கின் கல்வடிவம் இது. அருகிலுள்ள வடக்குச் சுவரில், வெளியே ஒற்றைப் புழையாகத் தெரிவது உள்ளே மூன்றாகப் பிரியும் அம்புப்புழைகள் இருக்கின்றன. மூன்று வில்லாளிகள் ஒரே துளை வழியே வெவ்வேறு திசையில் எய்யலாம். சுற்றுலா வழிகாட்டிகள் இதைத் தொழில்நுட்ப வியப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அச்சத்தின் அளவாகவும் அதைப் படிக்கலாம்.

வாயிலின் மேல் 1321இல் வைக்கப்பட்ட இரண்டாம் எட்வர்டின் சிலையும் அதன் கீழே வாயிலின் முகமும் நிறைவுற்றன. பின்பகுதி நிறைவுறவே இல்லை. 1330 வாக்கில் வேலை நின்றது. மொத்தச் செலவு 20,000 முதல் 25,000 பவுண்டு வரை இருக்கும் என மதிப்பிடுகிறார்கள். முற்றத்தின் நடுவில் நிற்பவர் காணும் வெறுமை முழுவதும் காலத்தின் அழிவு அன்று. திட்டமிட்ட உட்கட்டடங்கள் பல எழவேயில்லை. வெளியே முழுமை, உள்ளே பாதி.

கான்ஸ்டாண்டிநோபிள் வாதம்

கேர்நார்வன் கோட்டையைப் பற்றி மிகுதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி, அது கான்ஸ்டாண்டிநோபிளின் மதிலைப் போல் கட்டப்பட்டது என்பது. எட்வர்டின் மற்றக் கோட்டைகளில் கோபுரங்கள் வட்டமானவை. இங்கே பலகோண வடிவம். மற்றவற்றில் சுவர் ஒரே நிறம். இங்கே வெளிர் கல்லுக்கிடையே கருநிறக் கல் பட்டைகளாக ஓடுகிறது. எட்வர்டின் கோட்டைகள் பற்றிய ஆராய்ச்சியில் இருபதாம் நூற்றாண்டின் முதன்மைப் பெயரான ஆர்னால்டு டெய்லர், இவ்விரண்டு இயல்புகளையும் ஐந்தாம் நூற்றாண்டின் தியடோசியஸ் மதிலோடு பொருத்தினார். தன்னை ரோமப் பேரரசின் வாரிசாக எட்வர்ட் காட்டிக்கொண்டான் என்பது இதன் உட்பொருள்.

வாதத்துக்கு வலுவூட்டும் துணைச் சான்றுகள் கவர்ச்சியானவை. பிரிட்டனில் படைகளால் பேரரசனாக உயர்த்தப்பட்ட மாக்னஸ் மாக்சிமஸ், வேல்ஸ் மரபில் மாக்சென் வ்லெடிக் ஆனான். அவன் கனவில் கண்ட, ஆற்றுமுகத்துக் கோட்டையும் அதன் பல வண்ணக் கோபுரங்களும் ‘மபினோகியன்’ தொகுப்பிலுள்ள ஒரு கதையில் வருகின்றன. கதை அக்கோட்டையைக் கேர்நார்வனில் வைக்கிறது. 1283இல் இந்த மாக்சிமசின் உடல் கேர்நார்வனில் கண்டெடுக்கப்பட்டு, எட்வர்டின் ஆணைப்படி தேவாலயத்தில் மறுஅடக்கம் செய்யப்பட்டதாக, அவனைக் கான்ஸ்டன்டைன் பேரரசனின் தந்தை என்று குறிப்பிட்டு, ஆங்கிலேய வரலாற்றுக் குறிப்பேடு ஒன்று பதிவு செய்கிறது. கழுகுக் கோபுரத்தின் உச்சியில் வைக்கப்பட்ட கற்கழுகுகளும் ரோமச் சின்னமாகக் கொள்ளப்படுகின்றன.

இவற்றை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். மாக்சிமஸ் 388இல் இத்தாலியின் அக்விலேயாவில் கொல்லப்பட்டவன். உடல் அவனுடையதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் ‘கண்டெடுப்பு’ அரசியல் காரணத்துக்காக நிகழ்த்தப்பட்டது என்பதையே இது உறுதிப்படுத்துகிறது என்பதால், டெய்லரின் பக்கம் இதனால் சாய்ந்துவிடவில்லை. கதையின் முழுமையான கையெழுத்துப் பிரதிகள் கோட்டைக்குப் பிற்பட்ட பதினான்காம் நூற்றாண்டுக்கு உரியவை. எனினும் கதை முன்பே வழங்கியது என்பதில் பெரும்பாலான அறிஞர்களுக்கு ஐயமில்லை. எட்வர்ட் சிலுவைப் போருக்காக 1270களின் தொடக்கத்தில் ஆக்கர் வரை போனான், கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போனதில்லை. மதிலின் தோற்றம் அவனுக்குப் பிறர் சொல்லியே தெரிந்திருக்கவேண்டும்.

அபிகெயில் வீட்லி 2004இல் வெளிவந்த தம் நூலில் இந்த ஒப்பீட்டை மறுஆய்வு செய்தார். ரோமானியப் பேரரசை நினைவூட்ட அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. பட்டையிட்ட கட்டுமானமும் பலகோணக் கோபுரமும் இங்கிலாந்தின் ரோமானிய இடிபாடுகளிலேயே இருந்தன. யார்க் நகரின் பலகோணக் கோபுரத்தில் செங்கல் பட்டை இன்றும் தெரிகிறது. இன்னொரு பக்கம், இக்கோட்டைகளின் சிற்பியாக டெய்லர் நிறுவிய சவோய் நாட்டு மாஸ்டர் ஜேம்ஸ் உண்மையில் வடிவமைப்பாளரா, அல்லது பணிகளை நிர்வகித்தவர் மட்டுமா என்ற கேள்வியை நிக்கோலா கோல்ட்ஸ்ட்ரீம் எழுப்பினார். 1295க்குப் பின் கேர்நார்வனில் பொறுப்பேற்ற வால்டர் ஆஃப் ஹியர்ஃபர்ட் போன்றோரின் பங்கு இதனால் கூடுதலாகக் கவனம் பெறுகிறது.

இந்த விவாதத்தில் நூல்களைவிடக் கால்கள் உதவும் இடம் ஒன்று உண்டு. கோட்டையின் தெற்கு முகத்தில் பட்டைகள் தெளிவாக ஓடுகின்றன. அதோடு ஒட்டிச் செல்லும் நகர மதிலில் அவை இல்லை. மதிலின் கோபுரங்களும் பலகோணமாக இல்லை, அரைவட்டமாகப் புடைத்து நிற்கின்றன. கான்ஸ்டாண்டிநோபிளில் பட்டையிட்ட மதில் காத்தது நகரத்தை. அதன் கோபுரங்களிலும் பெரும்பாலானவை சதுரமானவை, பலகோணம் சிறுபான்மைதான். அந்த மதிலைப் பின்பற்றுவதே நோக்கமாக இருந்திருந்தால் இங்கேயும் நகர மதிலுக்கன்றோ அவ்வடிவம் முதலில் வந்திருக்கவேண்டும்? பேரரசின் சாயல் கோட்டைக்கு மட்டும், அதுவும் கடல்வழி வருபவர் பார்க்கும் பக்கத்துக்குச் சிறப்பாகத் தரப்பட்டிருக்கிறது. ஆகவே ரோம நினைவு திட்டமிட்டது என்பதை ஏற்கிறேன்; அந்த நினைவுக்குக் கான்ஸ்டாண்டிநோபிள் என்று முகவரி எழுதுவதை ஏற்கத் தயங்குகிறேன். பக்கத்து மேட்டில் செகோன்டியம் கிடக்கும்போது முகவரிக்கு எங்கும் போகவேண்டியதில்லை. வழிகாட்டிப் பலகைகளில் இவ்வளவு தயக்கத்தை எதிர்பார்க்க முடியாதுதான்.

தொட்டில் கதையும் சடங்கு மேடையும்

1284 ஏப்ரல் 25 அன்று எட்வர்டின் மகன் கேர்நார்வனில் பிறந்தான். ஆங்கிலம் பேசாத இளவரசன் ஒருவனைத் தருவதாக வாக்களித்த மன்னன், கைக்குழந்தையைத் தூக்கி வேல்ஸ் மக்களிடம் காட்டினான் என்ற கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இது பதினாறாம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. குழந்தை பிறந்தபோது அதன் அண்ணன் அல்ஃபோன்சோ உயிரோடிருந்தான், அரியணைக்கு உரியவன் அவனே. ‘வேல்ஸ் இளவரசன்’ பட்டம் இளைய எட்வர்டுக்குக் கிடைத்தது 1301இல். கழுகுக் கோபுரத்தில் அவன் பிறந்த அறை என்று முன்பு காட்டப்பட்ட சிற்றறைகூட 1284இல் எழுந்திருக்க வாய்ப்பில்லை.

நடுவிலுள்ள நூற்றாண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 1403, 1404இல் க்ளின்டூர் முற்றுகையிட்டபோது முப்பதுக்கும் குறைவான காவல்வீரர்களே கோட்டையைத் தக்கவைத்துக்கொண்டனர். வேல்ஸ் வழிவந்த டியூடர்கள் 1485இல் அரியணை ஏறியபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. உள்நாட்டுப் போரில் 1646இல் சரணடைந்தது. 1660இல் இடித்துவிடும்படி ஆணை வந்தும் எப்படியோ தப்பியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பயண எழுத்தாளர் தாமஸ் பென்னன்ட் அதன் கம்பீரத்தை வியந்த கையோடு, தன் இனத்தின் அடிமைத்தனத்துக்கு அது ஓர் அடையாளம் என்றும் எழுதிவைத்தார்.

இன்று நாம் காணும் கோட்டைக்கு எட்வர்டைப் போலவே இன்னொருவரும் பொறுப்பு. துணைக் கோட்டைக்காவலராக இருந்த லுவெலின் டர்னர் 1870களிலிருந்து படிகள், கூரைகள், ஞாயில்கள் ஆகியவற்றைச் செப்பனிடச் செய்தார். வடக்கு அகழியில் ஊர்மக்கள் கட்டியிருந்த கட்டடங்களை, உள்ளூர் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், பார்வையைக் கெடுக்கின்றன என்று அகற்றினார். கோட்டை ஊரிலிருந்து தனித்து, படம் எடுக்கத் தோதாக நிற்பது விக்டோரியா காலத்து முடிவு. அரை நாள் பயணத்திட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பின்னணியில் 1911 ஜூலை 13 அன்று பிற்கால எட்டாம் எட்வர்டுக்கு இளவரசர் பட்டமேற்பு விழா நடந்தது. இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் கோட்டைக்காவலருமான லாய்ட் ஜார்ஜ் அதை முன்னின்று நடத்தினார். பழஞ்சடங்கு போல் தோன்றிய அதன் பெரும்பகுதி புதிதாகப் புனையப்பட்டது. 1969 ஜூலை 1 அன்று சார்லசுக்கு அதே விழா. ஸ்லேட் கல்லால் வட்ட மேடை அமைத்து, தொலைக்காட்சிக்கென்றே காட்சி வகுக்கப்பட்டது. முந்தைய நாள் இரவு அபெர்கெலியில் வெடிகுண்டு வெடித்து, அதைக் கொண்டுசென்ற வேல்ஸ் தேசியவாதிகள் இருவர் இறந்தனர். 1282ஐ நினைவில் கொள்ளச் சொல்லும் முழக்கங்கள் அந்நாட்களில் சுவர்களில் எழுதப்பட்டன. கோட்டைக்குள் நடந்த விழாவின் செய்திகள் மட்டும் தெரிந்து, அபெர்கெலி தெரியாமல் போகும் பயணி பாதி நிகழ்ச்சியையே அறிந்தவராகிறார்.

மதிலுக்குள் புகுந்தவர்கள்

எட்வர்டின் நகரத்திட்டம் தோற்றது. இதை எந்தப் பலகையும் இவ்வளவு நேராகச் சொல்வதில்லை. தடைச்சட்டங்கள் இருந்தபோதே வேல்ஸ் குடும்பங்கள் திருமணத்தாலும் வணிகத்தாலும் மெல்ல உள்ளே வந்தன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் ஹென்றி தந்த சாசனங்கள் வடவேல்ஸ் மக்களுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தின. எட்டாம் ஹென்றியின் இணைப்புச் சட்டங்கள் மிச்சத்தையும் பொருளற்றதாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையிலிருந்து ஸ்லேட் கற்கள் இந்தத் துறைமுகம் வழியே உலகெங்கும் போயின. அந்தக் கல்லோடு குவாரித் தொழிலாளரின் வேல்ஸ் மொழியும் ஊருக்குள் இறங்கியது. ‘எர் ஹெரால்ட் கம்ராய்க்’ உட்பட வேல்ஸ் மொழி இதழ்கள் பல இங்கே அச்சாயின.

இன்று இவ்வூரில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் வேல்ஸ் மொழி பேசுகிறார்கள். வேல்ஸில் நகரம் என்று சொல்லத்தக்க வேறெங்கும் இந்த விகிதம் காண்பதரிது. கோட்டைக்குப் பக்கத்திலேயே தலைமையகம் கொண்ட குவினெத் கவுன்சில் தன் உள்நிர்வாகத்தை வேல்ஸ் மொழியிலேயே நடத்துகிறது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் வடவேல்ஸை ஆங்கிலேயர் ஆண்ட அதே இடம் இது. 1974 முதல் 2001 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் டாவித் விக்லி.

இந்த மாற்றத்தைப் பார்க்க அருங்காட்சியகம் வேண்டாம். கோட்டைக்கு வெளியே, மைஸ் என்று அழைக்கப்படும் சதுக்கத்தில் உட்கார்ந்தால் காதில் விழும். ‘கோஃபி’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவ்வூர்க்காரர்களின் பேச்சு, மற்ற வேல்ஸ்காரர்களுக்கே தனிச் சுவையாகத் தோன்றும் வட்டாரவழக்கு. வாயில் முகப்பில் கல்லாகி நிற்கும் இரண்டாம் எட்வர்டுக்கு அதில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

அப்படியானால் எப்படிப் போவது

மேற்கண்ட வாதத்தை ஏற்பவர் அரை நாளை ஒன்றரை நாளாக்க வேண்டும். வரிசையையும் மாற்ற வேண்டும். லண்டன் யூஸ்டனிலிருந்து பாங்கர் வரை ரயில்; சில வண்டிகள் நேராகப் போகும், பிறவற்றில் குரூவிலோ செஸ்டரிலோ மாறவேண்டும். கேர்நார்வனுக்கு இருந்த ரயில்பாதை 1970இல் மூடப்பட்டுவிட்டதால் பாங்கரிலிருந்து பேருந்துதான், அரை மணி நேரம். ஊரில் இப்போது நிற்கும் ரயில் நிலையம் போர்ட்மடோக் வரை 40 கிலோமீட்டர் ஓடும் வெல்ஷ் ஹைலேண்ட் என்ற குறுகிய பாதை ரயிலுக்கு உரியது. அழகான பயணம், ஆனால் அதற்கே ஒரு நாள் போய்விடும்.

முதல் நாள் மதியம் வந்து சேர்ந்தால் கோட்டையை விட்டுவிட்டுச் செகோன்டியம் மேட்டுக்கு ஏறலாம். கட்டணம் இல்லை. பார்க்க அடித்தளங்கள் மட்டுமே என்பதால் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். கீழே கோட்டைக் கோபுரங்களையும் நீரிணையையும் இங்கிருந்து சேர்த்துப் பார்ப்பதுதான் பயன். அருகிலேயே லான்பெப்லிக் தேவாலயம். மாக்செனின் மகனாக மரபு சொல்லும் பெப்லிக் பெயரால் அமைந்தது. எட்வர்டின் ஊர் எழுந்த பிறகும் பங்குக் கோயில் இதுவே, மதிலுக்கு வெளியே. உள்ளிருந்த ஆங்கிலேயருக்கு மதிலின் வடமேற்கு மூலைக் கோபுரத்தை ஒட்டி மேரி தேவாலயம் 1307இல் எழுந்தது. கோட்டைப் பணியின் தலைமைக் கல்தச்சன் ஹென்றி ஆஃப் எல்லர்டன் நிறுவியது. மதில் கோபுரமே அதன் பாதிரியாருக்கு உடைமாற்று அறையாகப் பயன்பட்டது.

மாலையில் செயோன்ட் ஆற்றின் குறுக்கேயுள்ள திருப்புப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகவேண்டும். படகுகளுக்காகப் பாலம் அவ்வப்போது திறக்கப்படும், காத்திருக்க நேரிடலாம். தெற்கு முகத்தின் பட்டைகள், மேலும் கீழுமாக அடுக்கிய அம்புப்புழைகள், மேற்கு மூலையில் சில இடங்களில் ஐந்து மீட்டருக்கு மேல் தடித்த சுவருடைய கழுகுக் கோபுரம் ஆகியவற்றை ஒரே பார்வையில் இங்கிருந்துதான் பார்க்க முடியும். திரும்பி வந்து மதிலைச் சுற்றலாம். கான்வியில் 1.3 கிலோமீட்டர் மதிலின் பெரும்பகுதி மேல் நடக்க முடியும். இங்கே மேல்நடை பெரும்பாலும் இல்லை, வெளிப்புற அடிவாரத்தில் நடந்து பார்ப்பதுதான். மதில் நடைக்காகவே வருபவர் கான்விக்குப் போவது நியாயம். அந்த ஊரின் ரயில் நிலையம் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது என்பது வசதி.

கோட்டை இரண்டாம் நாள் காலையில். வேல்ஸ் அரசின் தொல்லியல் அமைப்பான கடூ பராமரிக்கிறது; குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடும். ஐம்பது இலட்சம் பவுண்டு செலவில் 2023இல் முடிந்த அரசவாயில் பணியால் மேல்தளம் வரை மின்தூக்கி வந்திருக்கிறது. சுழற்படி ஏற முடியாத முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்நான்கு கோட்டைகளில் கேர்நார்வன் ஏற்றது என்பேன். வடக்குச் சுவரின் மும்முனைப் புழைகள், முற்றுப்பெறாத வாயிலின் முதுகு, கழுகுக் கோபுரத்துக்கு நீர்வழி வந்து சேர அமைத்த வாயில் ஆகிய மூன்றையும் நின்று பார்த்தால் போதும். பட்டமேற்பு மேடை ஐந்து நிமிடம்.

மதியத்துக்குப் பேருந்தில் லான்பெரிஸ். அங்கே ஏரிக்கரைப் பாறைமேல் டோல்பாடர்ன் கோபுரம் நிற்கிறது. லுவெலினின் பாட்டனார், பெரிய லுவெலின், பதிமூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியதென்பது பொதுவான கருத்து. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். கேர்நார்வனின் ஒரு கோபுரத்துக்குக்கூட ஈடாகாது. எட்வர்டின் ஆட்கள் இதன் மரங்களைக் கழற்றிக் கேர்நார்வன் கட்டுமானத்துக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு வேண்டாம், காவலாள் இல்லை, படிகள் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து குறைவு என்பதால் இந்தப் பகுதியை வாரநாளில் வைத்துக்கொள்வது நல்லது.